ஹேண்ட்லிங் சார்ஜும் கூரை ஜன்னலும்

கார் விற்பது அப்படியொன்றும் கடினமான தொழில் அல்ல. காரோடு சேர்த்து நாங்கள் விற்கிற மற்றவைதான் கடினம். காரைக் கண்ணால் பார்க்கலாம். கதவைச் சாத்திச் சத்தம் கேட்கலாம். டயரைக் காலால் உதைத்துப் பார்த்து, ஏதோ தெரிந்ததுபோலத் தலையாட்டலாம். விலைச்சீட்டின் அடியில், காப்பீட்டுக்கும் சாலை வரிக்கும் கீழே, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல உட்கார்ந்திருக்கும் ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்ற கட்டணத்தை எங்கே உதைத்துப் பார்ப்பது?

விளம்பரத்தில் பார்த்த விலைக்கும் கையில் வந்த விலைச்சீட்டுக்கும் நடுவில் நின்று நீங்களும் ஒருநாள் விழித்திருப்பீர்கள். அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். மேசைக்கு அந்தப் பக்கம் நீங்கள் பட்ட பாட்டை இந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் பட்டிருக்கிறேன். ஒரே வித்தியாசம், எனக்கு அதற்குச் சம்பளம் உண்டு. நாகர்கோவிலில் ஒரு ஷோரூமில் விற்பனைப் பிரதிநிதி நான். படித்தது எம்.ஏ. தமிழ். என்ன கம்பெனி கார் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் எங்கள் மேலாளர் ஒரு கட்டணம் கண்டுபிடித்துவிடுவார்.

மேலாளர் கோயம்புத்தூர்க்காரர். மரியாதையான மனிதர், ஒரு ரூபாயைக்கூட மரியாதையாகவே மறுப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், படித்த திமிரில், அவரிடம் ஒரு யோசனை சொன்னேன். ஹேண்ட்லிங் சார்ஜ் என்பதைக் ‘கையாளுகைக் கட்டணம்’ என்று தமிழில் அச்சடித்தால் வாடிக்கையாளர்களுக்கு எளிதாக இருக்குமே என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “புரியற மாதிரி எழுதுனா யாருங்க குடுப்பாங்க?”

கடலிலிருந்து கரைக்கு

அந்தக் கட்டணத்துக்கு என்ன விளக்கம் சொல்வது என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து லாரியில் வரும் கார் முதலில் எங்கள் யார்டுக்குப் போகும். அங்கே அதைக் கழுவி, துடைத்து, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, பத்திரமாக ஷோரூமுக்குக் கொண்டுவருவோம். அந்தச் செலவுதான் இது. சொல்லும்போது முகத்தில் ஒரு தியாகம் தெரிய வேண்டும் என்பதும் பயிற்சியில் அடக்கம்.

முட்டத்திலிருந்து சேவியர் அண்ணன் வந்திருந்தார். சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவர். நான் தியாக முகத்தோடு சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். “யார்டுன்னா எங்கயாக்கும்?” என்றார். பொய் சொல்ல எனக்கு வராது, குறிப்பாகச் சன்னல் திறந்திருக்கும்போது. பின்பக்க மதிலைக் காட்டினேன். அந்த மதிலுக்கு அப்பால் கார்களின் கூரைகள் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தன. அவர் எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “மக்கா, நான் நடுக்கடல்ல பிடிச்ச மீன கரைக்குக் கொண்டு வந்து விக்கேன். நீ மதிலுக்கு அங்கேருந்து இங்க கொண்டு வாறதுக்கு வாடக கேக்கியா?”

கோபத்துக்கு ஒரு சல்யூட்

இனி நான் சொல்லப்போவது எல்லாம் ஒரே குடும்பத்தைப் பற்றியது. ஒரு காருக்காக அவர்கள் எங்களிடம் வந்த அளவுக்கு, கார் வாங்கியவர்கள்கூட சர்வீஸுக்கு வந்ததில்லை.

திருவட்டாறு தங்கசாமி வாழைக்குலை மொத்த வியாபாரி. அய்யாவழிக்காரர், நெற்றியில் வெள்ளை நாமம். “அய்யா உண்டு” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். குலையின் சீப்பைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஒரு காரின் வைப்பரைத் தூக்கிப் பார்த்தார். ஒரே மகள் சுபாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை மார்த்தாண்டத்துக்காரர், பொறியாளர். மாப்பிள்ளை வீட்டார் எதுவுமே கேட்கவில்லையாம். ‘பிள்ளை பஸ்ஸில் அலையாண்டாம்’ என்று மட்டும் சொன்னார்களாம். ஆகவே மகளுக்கு ஒரு கார். தன் கைக்கு எட்டுகிற மாடலை அவர் வரும்போதே முடிவு செய்திருந்தார். அந்த வரிசையில் ஆகக் கீழே இருப்பது. இனி பேச வேண்டியது விலை மட்டும்.

வாழைக்குலைச் சந்தையில் பேரத்துக்கு ஒரு முறை இருக்கிறது. விலை படியவில்லை என்றால் வாங்குகிறவர் முகத்தைச் சுளித்துத் திரும்பி நடப்பார். கொஞ்ச தூரம் போனதும் விற்கிறவர் கூப்பிடுவார். பாதி வியாபாரம் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் முடிகிறது. தங்கசாமி எங்களிடமும் அதையே செய்தார். ஹேண்ட்லிங் சார்ஜைக் குறைக்க முடியாது என்று மேலாளர் சொன்னதும், நாற்காலியைச் சத்தமாகப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார்.

வாசலில் எங்கள் காவலாளி செல்லையன் மாமா நின்றார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். யார் வந்தாலும் போனாலும் கதவைத் திறந்து, குதிகாலைச் சேர்த்து, விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பார். தங்கசாமிக்கும் வைத்தார். சல்யூட் வாங்கிய மனிதர் பதிலுக்குச் சிரித்தாக வேண்டும். சிரித்தபின் கோபம் நிற்காது. தங்கசாமி திரும்பி வந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். மறுபடி கோபப்பட்டு எழுந்தார். மறுபடி சல்யூட். கடைசியில் என் பக்கம் குனிந்து, மேலாளருக்குக் கேட்காதபடி முறையிட்டார்: “அந்த மனுசன் சல்யூட் அடிச்சா பின்ன எப்பிடி மக்கா கோவத்துல எறங்கிப் போவது?”

வாசிக்கத் தெரிந்தவனின் குற்றம்

எங்கள் மாவட்டம் திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்து தலைமுறைகள் கடந்துவிட்டன. ஆனால் விலை விசாரிப்பதற்கு மட்டும் மக்கள் இன்னும் திருவனந்தபுரத்துக்குப் போகிறார்கள். அரசியல் வரலாறு வேறு, சந்தை வரலாறு வேறு என்பது என் நெடுநாள் கருத்து. கேட்பார் இல்லாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அடுத்த முறை தங்கசாமி வந்தபோது அவர் கையில் எல்லைக்கு அப்பாலுள்ள ஒரு ஷோரூமின் அட்டை இருந்தது. அதன் பின்பக்கம் மலையாளத்தில் யாரோ பேனாவால் விலை எழுதியிருந்தார்கள். “பாரு, அவன் இந்த ஹேண்ட்லிங்கு கிண்ட்லிங்கு ஒண்ணும் கேக்கல்ல. வெலையும் கொறச்சல்” என்று அட்டையை மேசைமேல் வீசினார். மேலாளர் முகம் சற்று வாடியது. அட்டையை எடுத்து உரக்க வாசித்தேன். சாலை வரியும் காப்பீடும் தனி என்று கடைசி வரியில் தெளிவாக எழுதியிருந்தது. தங்கசாமி அட்டையை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். “மலையாளம் வாசிக்கத் தெரிஞ்ச ஆளுகிட்ட இதக் கொண்டு வந்தது எனக்க தப்பாக்கும்.”

எலுமிச்சம்பழத்தின் விலை

முன்பதிவு செய்ய வந்த நாளில் மகளையும் அழைத்து வந்தார். சுபா குலசேகரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. முன்பதிவு அவர் பெயரில்தான். எங்கள் ஷோரூமுக்கு வருகிற கல்யாணப் பெண்கள் பெரும்பாலும் காரின் நிறத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். மற்றதைப் பேச அவர்களை யாரும் விடுவதில்லை. சுபா விலைச்சீட்டை மேலிருந்து கீழாக அல்ல, கீழிருந்து மேலாக வாசித்தார். விடைத்தாள் திருத்தும் பழக்கமாக இருக்கலாம்.

ஹேண்ட்லிங் சார்ஜில் என்னவெல்லாம் அடங்கும் என்று கேட்டார். கழுவுவது, பெட்ரோல், ரிப்பன், சாக்லேட், டெலிவரி அன்று பூஜை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் என்று அடுக்கினேன். அய்யாவழிக் கோயிலான தாங்கலுக்குப் போகிற தங்கசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்க தாங்கல்ல இந்தக் கண்ணேறு கழிப்பு ஒண்ணும் கெடையாது. அந்த எலுமிச்சம்பழத்துக்க வெலைய கழிங்க” என்றார். மேலாளர் பணிவாக, பூஜை இலவசம், அதற்கு விலையே போடவில்லை, எனவே கழிக்க எதுவும் இல்லை என்றார். கட்டாயம் சொல்ல வேண்டியது என்பதால் நானும் ஒன்றைச் சொன்னேன்: முன்பதிவை ரத்து செய்தால் முன்பணத்தில் ஒரு ரத்துக் கட்டணம் பிடிப்போம். கல்யாணக் கார் வாங்க வந்தவர்கள் அதை எங்கே காதில் வாங்கப் போகிறார்கள்? சுபா கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே மேலாளரைப் பார்த்துக் கேட்டார்: “விலை இல்லாததையெல்லாம் சேத்துத்தானே சார் இந்த விலை வந்திருக்கு?”

ஒன்றும் கேட்காதவர்

சில நாள் கழித்து, வெள்ளை வேட்டியும் தங்கச் சட்டத்தில் கண்ணாடியுமாக ஒருவர் வந்து எனக்கு எதிரே அமர்ந்தார். கார் எதையும் பார்க்கவில்லை. டீ குடித்தார். ஏசி நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, திருவட்டாறு தங்கசாமி இங்கேதானே கார் போட்டிருக்கிறார் என்றார். மாப்பிள்ளையின் தாய்மாமனாம். பெயர் ராஜமணி.

ஒருவர் முன்பதிவு செய்ததை இன்னொருவருக்குச் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. “சொல்லாண்டாம் தம்பி. தங்கசாமி கீழ உள்ள மாடல்தான் போட்டிருப்பாருன்னு எனக்குத் தெரியும். நீ என்ன செய்யணும்னா, மேல உள்ளது நல்லதுன்னு அவருகிட்டப் பக்குவமா எடுத்துச் சொல்லணும். ஒனக்கும் கமிஷன் கூடும்லா?” என்றார். பெண் வீட்டார் கீழே இழுக்க, மாப்பிள்ளை வீட்டார் மேலே இழுக்க, நடுவில் கயிறாக இருப்பதற்கு என் சம்பளத்தில் தனிப் படி எதுவும் இல்லை. ஒன்றுமே கேட்கவில்லை என்று சொன்னீர்களாமே என்றேன், அறியாப் பிள்ளைபோல. அவர் டீக்கோப்பையைக் கீழே வைத்து, மிகவும் மனம் புண்பட்டவராகச் சொன்னார்: “நாங்க ஒண்ணும் கேக்கல்ல தம்பி. கூரையில ஜன்னல் இருக்குமான்னு மட்டுந்தான் கேட்டோம்.”

பின்பக்கத்து எழுத்து

கூரை ஜன்னல் என்பது சன்ரூஃப். ஒரு பொத்தானை அழுத்தினால் காரின் கூரை விலகி வானம் தெரியும். வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் உள்ள எங்கள் மாவட்டத்தில் அதைத் திறந்து வைப்பதற்குக் கொஞ்சம் மனத்துணிவு வேண்டும். ஆனாலும் கல்யாணச் சந்தையில் அதற்கு நல்ல மதிப்பு. வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள மாடலில் மட்டும்தான் அது கிடைக்கும்.

தங்கசாமி தனியாக வந்தார். அன்று அவர் வைப்பரைத் தூக்கவில்லை, நாற்காலியைத் தள்ளவில்லை. தாய்மாமன் அவரிடமும் பேசிவிட்டிருந்தார். தான் முன்பதிவு செய்திருந்த மாடலின் பின்னால் போய்க் குனிந்து, மாடலைக் குறிக்கும் அந்த வெள்ளி எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “மக்கா, இந்த எழுத்த மட்டும் எடுத்துட்டு மேல உள்ள மாடலுக்க எழுத்த ஒட்ட முடியுமா?” என்றார். எழுத்தை ஒட்டலாம், கூரையில் ஓட்டை போட முடியாதே என்றேன். இரண்டு மாடலுக்கும் எஞ்சின் ஒன்று, பிரேக் ஒன்று, காற்றுப்பைகளும் ஒன்றே, கீழே உள்ளதை எடுத்தால் எந்தக் குறையும் வராது என்றும் சொன்னேன். இதைச் சொல்வது என் வேலைக்கு நல்லதல்ல. மேலாளர் அந்தச் சமயத்தில் போனில் இருந்தார்.

“எனக்குத் தெரியும். அவியளுக்குத் தெரியாண்டாமா?” என்றார் தங்கசாமி. வீட்டுக்குக் கிழக்கே ரோட்டோரமாக அவருக்கு ஒரு விளை இருக்கிறது. வாழைத் தோட்டம். சொந்தத்தில் விளைகிற குலை அங்கே மட்டும்தான். மற்றதெல்லாம் பிறரிடம் வாங்கி விற்பது. அந்த விளையை விற்றால் மேல் மாடல் வந்துவிடும். ஆள் பார்த்துவிட்டாராம், ராஜமணியிடமும் சொல்லிவிட்டாராம். மகளுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம் என்று என்னிடம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். போகும்போது, பக்கத்தில் நின்ற மேல் மாடலுக்குள் குனிந்து, திறந்திருந்த அதன் கூரை வழியாக எங்கள் ஷோரூமின் டியூப்லைட்டை அண்ணாந்து பார்த்தார். “வானம் பாக்கதுக்கு வீட்டு முத்தத்துல நின்னா போதாதா மக்கா?”

திருப்பதிசாரத்தில் கிடைக்காத காட்சி

மேல் மாடல் விற்க வாய்ப்பிருப்பதை மேலாளர் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் திருவட்டாறுக்கு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சன்ரூஃப் உள்ள காரைக் கொடுத்து என்னை அங்கே அனுப்பினார். எல்லோரையும் ஏற்றி ஒரு சுற்று சுற்றிக் காட்ட வேண்டும்.

மாப்பிள்ளை ஓட்டினார். நல்ல அடக்கமான பையன். கியர் மாற்றுவதற்கு முன்னால்கூடக் கண்ணாடியில் தாய்மாமனைப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் நான். பின்னால் ஒரு பக்கம் தங்கசாமி, மறுபக்கம் சுபா, நடுவில் ராஜமணி. திற்பரப்பு ரோட்டில் ஏறியதும் அவர் பொத்தானை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டார். ஊருக்கு அவர் தேரில் எழுந்தருளிய மூர்த்திபோலத் தெரிந்திருப்பார். உள்ளே இருந்தவர்களுக்குக் கிடைத்தது இடுப்புக்குக் கீழே உள்ள தாய்மாமன் மட்டும். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் அந்த வேட்டி காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில், திருப்பதிசாரம் வழியாக இப்படி எத்தனையோ வண்டிகளை ஓட்டிக் காட்டியிருக்கிறேன். இந்தக் காட்சி அங்கே கிடைத்ததில்லை.

சுபா முன்பக்கமாகச் சாய்ந்து மாப்பிள்ளையிடம் கேட்டார்: “இந்த ஜன்னல் உங்களுக்கு வேணுமா?” அவர் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் வேட்டி மட்டும் தெரிந்தது. “மாமா ஆசப்படுகாவ” என்றார். அதற்குள் வண்டி ஒரு வாழைத் தோட்டத்தைக் கடந்தது. குலைகள் சாய்ந்து, முட்டுக் கொடுத்து நின்றன. தங்கசாமி அவசரமாக மறுபக்கம் பார்த்தார். சுபா எப்போதும்போலத் தங்கள் விளையைப் பார்த்தார். மேலேயிருந்து, காற்றையும் மீறி, மகிழ்ச்சியான ஒரு குரல் இறங்கி வந்தது: “தங்கசாமி, இந்த வெளதானா விக்கப் போறிய? கொள்ளாம், ரோட்டோரம்லா, நல்ல வெல கிட்டும்!”

பேரமில்லாத ஒரு நாள்

அந்த வாரத்திலேயே சுபா வந்தார், தனியாக. அப்பா வரவில்லையா என்றேன். “அப்பா வெளயில நிக்காவ, வாழைக்கு முட்டுக் குடுக்காவ” என்றார். விளை விற்கப்படவில்லை என்று அதிலிருந்தே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. முன்பதிவை ரத்து செய்ய வேண்டும் என்றார்.

எங்கள் தொழிலில் ரத்து என்பது துக்கம் விசாரிப்பதுபோல. உடனே மேலாளர் வந்துவிடுவார். வந்தார். கீழ் மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இருக்கைக்கு உறை இலவசம் என்றார். அப்புறம், என் காதுகளை நானே நம்பாதபடி, தங்கசாமி இத்தனை நாள் எழுந்தும் உட்கார்ந்தும் கேட்டதை அவராகவே சொன்னார்: “ஹேண்ட்லிங் சார்ஜ முழுசா விட்டுடறேங்க.”

சுபா சிரித்தார். கோபமோ வருத்தமோ இல்லாத சாதாரணச் சிரிப்பு. ஆனால் கைக்குட்டையை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். “நான் கட்டிக்கப்போறவங்களுக்குப் போன் பண்ணினேன் சார். ஜன்னல் இல்லாத கார் போதும்னு உங்க வீட்டுல சொல்லுவீங்களான்னு கேட்டேன். மாமாகிட்ட கேட்டுச் சொல்லுதேன்னாவ” என்றார். செல்லையன் மாமா வாசலில் யாருக்கோ சல்யூட் வைக்கும் குதிகால் சத்தம் கேட்டது.

முன்பணத்தில் ரத்துக் கட்டணம் போக மீதி வங்கிக் கணக்குக்கு வந்துவிடும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள், கொடுத்துவிடுவார்கள் என்று கண்ணாலேயே சைகையும் காட்டினேன். அவர் கவனித்தார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். “இதுக்கு நான் பேரம் பேசல்ல சார். ஒரு கல்யாணத்துல இருந்து எறங்கதுக்கு இதவிடக் கொறஞ்ச கட்டணம் வேற எங்க கிட்டும்?”

வாசலில் நின்றவர்

அடுத்த வருஷம் மழை ஓய்ந்த சமயம் அப்பாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். விளை அங்கேயேதான் இருக்கிறது. அதற்குச் சாட்சியாகத் தங்கசாமி எனக்கு ஒரு சீப்பு ஏத்தன்பழம் கொண்டுவந்திருந்தார். ‘மேலாளருக்குக் குடுக்காண்டாம், அவரு அதுக்கு ஒரு சார்ஜு போடுவாரு’ என்ற நிபந்தனையோடு. சுபாவுக்குப் பக்கத்து ஊரிலேயே பெரிய பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. இந்த முறை கார் அவருடைய சம்பளத்தில், அவருடைய கடனில். சிறிய கார். மாப்பிள்ளைப் பேச்சை அவர்கள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொன்னார் தங்கசாமி: ராஜமணி இப்போது வேறொரு வீட்டில் ஒன்றும் கேட்காமல் இருக்கிறாராம்.

விலைச்சீட்டைக் கொடுத்தேன். சுபா வழக்கம்போலக் கீழிருந்து வாசித்தார். ஹேண்ட்லிங் சார்ஜ் அதே இடத்தில் அதே அடக்கத்தோடு உட்கார்ந்திருந்தது, கொஞ்சம் வளர்ந்திருந்தது. “அன்னைக்கு ரத்துக் கட்டணம்னு ஒண்ணு பிடிச்சீங்கல்லா சார்?” என்று தொடங்கினார். “அது எடுக்காத காருக்குக் குடுத்த காசு. அதை எடுக்குத காருல கழிச்சிருங்க.” மேலாளர் ரொம்பவும் மரியாதையாக, இரண்டும் வேறு வேறு கணக்கு என்றார். கணக்கு ஆசிரியையிடம் சொல்லக்கூடாத வாக்கியம் அது. ஹேண்ட்லிங் சார்ஜை முழுசாக விடுவதாக அன்று அவரே சொன்னதையும், அன்று விட முடிந்தது இன்று ஏன் முடியாது என்பதையும், சுபா கரும்பலகையில் எழுதுவதுபோல வரிவரியாகக் கேட்டார். மேலாளர் தண்ணீர் குடித்தார். ஆனால் இறங்கவில்லை.

அப்போது தங்கசாமி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பழைய சத்தம். விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இதோ சல்யூட், இதோ சிரிப்பு, இதோ திரும்பி வந்துவிடுவார் என்று காத்திருந்தேன். செல்லையன் மாமா கதவைத் திறந்தார். திறந்துவிட்டு, கூரையில் ஏதோ பல்லியைத் தேடுபவர்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கை மேலே போகவில்லை. தங்கசாமி வெளியே இறங்கினார். ரோட்டைக் கடந்தார். எதிரே பஸ் நிறுத்தம். தூரத்தில் திருவட்டாறு பஸ் வருவது கண்ணாடி வழியாக எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவர் கையைத் தூக்கினார். சுபா தன் கைப்பையை நிதானமாக மூடி எடுத்துக்கொண்டார்.

“கூப்பிடுங்க, அவரக் கூப்பிடுங்க!” என்று மேலாளர் எழுந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் நாற்காலியை விட்டு அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை. நான் ஓடினேன். பஸ்ஸில் அவர் நிஜமாகவே ஏறியிருப்பாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. படியில் ஒரு கால் இருந்தது, கண்டக்டர் திட்டிக்கொண்டிருந்தார். பழைய ரத்துக் கட்டணத்தைக் கழித்தார்கள். ஹேண்ட்லிங் சார்ஜையும் முழுவதும் கழித்தார்கள். எலுமிச்சம்பழம் இல்லாமல், ரிப்பன் இல்லாமல், சுபாவே சாவியை வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். பக்கத்து இருக்கையில் தங்கசாமி, மேலே உள்ள கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கூரையில் ஜன்னல் இல்லாததால் முன்கண்ணாடி வழியாகவே உலகத்தைப் பார்த்துக்கொண்டு போனார்.

வண்டி வாசலைத் தாண்டும்போது செல்லையன் மாமா வைத்த சல்யூட் இருக்கிறதே, அதை அவர் பட்டாளத்தில்கூட வைத்திருக்க மாட்டார். கொஞ்ச நேரம் முன்னால் ஏன் கையைத் தூக்கவில்லை, தோள் வலியா என்று கேட்டேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, மேலாளர் உள்ளே இருப்பதை உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார். “உள்ள வரும்போதே அந்தப் பிள்ள எங்கிட்ட வந்து சொல்லிச்சு: ‘மாமா, இன்னைக்கு அப்பா கோவத்துல எறங்கிப் போவாவ, தயவுசெஞ்சு சல்யூட் அடிச்சிராதீங்க.’”

கார் வாங்கப் போகும் உங்களுக்கு இந்தத் தொழிலில் நரைத்தவன் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: விலைச்சீட்டைக் கீழிருந்து வாசியுங்கள், மலையாளம் தெரிந்தவனிடம் அட்டையைக் காட்டாதீர்கள், மேலாளரோடு பேரம் பேசுவதற்கு முன்பு வாசலில் நிற்பவரோடு ஒரு வார்த்தை பேசிவிட்டு உள்ளே வாருங்கள்.